நெமிலிச்சேரியில் இனித்த கிணறு

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நெமிலிச்சேரிக்குச் சமுத்திரானந்த சுவாமிகள் எழுந்தருளினார். கடலுக்கே கட்டளையிட்டவராம். அப்படியென்றால் கடல் ஏன் இன்னும் கரிக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வேப்பம்பட்டிலிருந்தும் திருவேற்காட்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே குறை: கிணற்றில் உப்பு.

கெங்கம்மாள் தோட்டத்திலும் அதே கதைதான். கத்திரி இலை ஓரம் கருகிச் சுருண்டது. வரப்பில் வெள்ளையாய் உப்புப் பூத்தது. வெண்டை முழங்காலுக்கு மேல் வளர மாட்டேன் என்றது. ஒரு கறவை மாடு இருந்ததால் வீட்டில் உலை கொதித்தது.

அந்த மாட்டைத்தான் கேட்டார் சுவாமிகள். ஒரு கிணறு இனிக்க ஒரு கறவை மாடு. முற்றும் துறந்தவர், பாலை மட்டும் துறக்க மறந்துவிட்டார். கெங்கம்மாளின் புருஷன் வேம்புலி அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தான்.

முதலில் பக்கத்துத் தோட்டத்து மணவாளனின் கிணறு. சுவாமிகள் அதைச் சுற்றி வந்து மூன்று முறை உறுமினார். கூட்டத்துக்கு ஆளுக்கொரு சாம்பல் உருண்டை.

"மென்று விழுங்கிய பிறகே தீர்த்தம்! மீறினால் நாக்கு அழுகும்!"

மென்றார்கள், குடித்தார்கள். "அடேயப்பா, இன்னாமா இனிக்குது!" மணவாளனின் பசு அன்றே சுவாமிகளின் கொட்டகைக்குப் போனது.

கெங்கம்மாளுக்குக் கடைவாய்ப் பல் வலி. உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, தண்ணீரை மட்டும் குடித்தாள். கரித்தது. நேற்றுக் கரித்த அதே கரிப்பு. நாக்கும் அழுகவில்லை.

வீட்டுக்கு வந்து உருண்டையை உடைத்து நக்கிப் பார்த்தாள். துவர்ப்பு, கூடவே புளிப்பு. சாம்பலுக்குள் இடித்த நெல்லிமுள்ளி! நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாமியார் கையால் வாங்கினால் மட்டும் மறந்துபோகும்.

மறுநாள் வேம்புலி மாட்டை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்ப, அவள் ஒரு பானைத் தண்ணீரோடு பின்னாலேயே போனாள். கூட்டம் உருண்டையை மென்று முடித்ததும் முன்னால் வந்தாள்.

"ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டு, எப்டி கீதுன்னு சொல்லுங்க."

மணவாளன் முதலில் குடித்தான். "கல்கண்டு மாதிரி கீது!"

"எல்லாம் நம் அருள்" என்று கையை உயர்த்தினார் சுவாமிகள்.

"இது எங்க கெணத்துத் தண்ணி. காத்தால எறச்சது. சாமி இன்னும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

கூட்டம் சுவாமிகளைத் திரும்பிப் பார்த்தது. சுவாமிகள் சுதாரித்துக்கொண்டார். "இங்கிருந்தே நினைத்தோம். இனித்துவிட்டது!"

அப்போதுதான் ரயிலிறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான் வேப்பம்பட்டு எத்திராஜ். உருண்டை தின்னாத ஒரே ஆள். கெங்கம்மாள் பானையை நீட்டினாள். மடக்கென்று குடித்தவன் அதே வேகத்தில் துப்பினான். சுவாமிகளின் காவி நனைந்தது.

"தூ! இன்னாக்கா, உப்பளத்துலருந்து மொண்டாந்தியா?"

கெங்கம்மாள் முந்தானையை அவிழ்த்து, உடைந்த உருண்டையைக் காட்டினாள். "நெல்லிமுள்ளி! கெணறு மாறல நைனா, ஒங்க நாக்குதான் மாறிச்சி!"

'நீராடி வருகிறோம்' என்று சுவாமிகள் எழுந்து ஓடினார். வேம்புலி குறுக்கே பாய்ந்து காலை வாரினான். மணவாளன் தன் பசுவை அவிழ்த்துக்கொண்டு அசடு வழிய நின்றான்.

"அப்போ கத்திரிக்கு இன்னாதான் வழி?"

"பாத்திக் கரை உச்சியில நடாத, அங்கதான் உப்பு ஏறும். சரிவுல நடு. மழைத்தண்ணிய குட்டையில தேக்கி, கலந்து பாச்சு. இம்மாந்தான் எனக்குத் தெரிஞ்சது. மாடெல்லாம் கேக்க மாட்டேன்."

சுவாமிகளால் கடைசிவரை ஏமாற்ற முடியாமல் போனது கத்திரிச் செடியை மட்டும்தான். அதற்கு நாக்கு இல்லை. நாக்கோடு மூளையும் வாய்த்த மகாஜனங்களே, இரண்டாவதைத் தொட்டுப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று?