கிணற்றுத் தெரு

நாற்பத்திரண்டு தெருக்களுக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்த எழுத்தருக்குத் தன் தெருவின் பழைய பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

நூறு வருடத்துக்கு முன் நகராட்சியில் ஓர் அதிகாரி இருந்தார். அவருக்குப் பெயர்கள் பிடிக்காது. எல்லாத் தெருக்களையும் எண்ணாக்கிவிட்டுப் போனார். இப்போதைய ஆணையருக்கு எண்கள் பிடிக்காது. பெயர்களை மீட்கச் சொன்னார். எழுத்தர் ஆவண அறையில் பழைய தெருக் கட்டுகளைப் பிரித்துத் தும்மித் தும்மி மீட்டார். ஒன்பதாம் தெருவில் உப்பு விற்றிருக்கிறார்கள். அது உப்புமண்டித் தெரு. முப்பதாம் தெருவில் ஒரு பாலம் வளைந்திருக்கிறது. அது கூன்பாலத் தெரு.

பதினேழாம் தெரு எந்தத் தெருக் கட்டிலும் இல்லை. எழுத்தரின் தாத்தா, அப்பா, அவர் எல்லோரும் பிறந்த தெரு.

“வெள்ளிக்கிழமை நானே விசாரணைக்கு வரேன்,” என்றார் ஆணையர். “அன்னிக்குக் கோப்பு முடியலைன்னா நீங்க புகார்ப் பிரிவுக்குப் போயிடுங்க.”

புகார்ப் பிரிவில் ஆறு தொலைபேசிகள். அங்கே போனவர்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தாலும் “நாளைக்குள்ள சரி பண்ணிடறோம்” என்றார்கள்.

ஆவணம் இல்லாத தெருவுக்கு விதியில் ஒரு வழி இருந்தது. மூன்று தலைமுறையாக அங்கேயே குடியிருக்கும் குடும்பங்களிலிருந்து மூன்று பேர். வீட்டில் வழிவழியாகக் கேட்டதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

எழுத்தர் வலப்பக்கத்து வீட்டுத் தையல்காரரையும், இடப்பக்கத்து வீட்டில் இருந்த, தபால் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால் மாமாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“தையல்காரர் தெரு,” என்றார் தையல்காரர் யோசிக்காமல்.

“தபால்காரர் தெரு,” என்றார் மாமா.

“மாமா, நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க தபாலே கிடையாது,” என்றார் தையல்காரர்.

“அப்ப மட்டும் உன் சட்டைக்குப் பித்தான் இருந்துச்சோ?”

அரைமணி நேரம் ஆனது. தேநீர் ஆறியது. எழுத்தர் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரைத் தேடினார்.

“கிணற்றுத் தெரு?” என்றார்.



“அதேதான்!” என்று மாமா தொடையைத் தட்டினார். “எங்க தாத்தா வாய் ஓயாம சொல்வாரு.”

“நான் இப்பத்தான மாமா சொன்னேன்?”

“நீ இப்பச் சொன்ன. அவரு அப்பவே சொல்லிட்டாரு.”

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “தண்ணி கல்கண்டு மாதிரி இருக்குமாம்,” என்றார்.

இது பொய் என்று எழுத்தருக்குத் தெரியும். ஆனால் நாள் குறைவு. மூன்றாவது சாட்சியைத் தேடினார். தெருவில் மற்ற பழைய குடும்பங்கள் ஒன்று காலி செய்திருந்தன, இல்லையென்றால் எழுத்தரோடு பேசுவதில்லை. மிச்சமிருந்தது எதிர்வீடு. அங்கே பிறந்து, தெருவைக் குறுக்கே கடந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் அவர் மனைவி.

“எனக்குப் பொய் சொல்ல வராதுங்க,” என்றாள் அவள்.

“பொய் இல்லம்மா. கிணறு இல்லாத தெரு உண்டா? எங்கேயாவது இருந்திருக்கும்.”

“அப்போ உண்மையைச் சொல்றவங்க யாரையாவது கூப்பிடுங்க. நான் பொய் சொன்னா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். காது சிவந்துடும்.”

“புகார்ப் பிரிவுல ஆறு ஃபோன்.”

அவள் கொஞ்ச நேரம் பாத்திரம் துலக்கினாள்.

“பேரை மட்டும்தான் சொல்வேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கக் கூடாது,” என்றாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஆணையர் வந்தார். எழுத்தரின் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாட்சிகள் வாசலில் நின்றார்கள். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினார்கள். எழுத்தர் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார்.

முதலில் தையல்காரர்.

“கிணற்றுத் தெரு சார். எழுபது அடி ஆழம். சுத்தி பன்னெண்டு படி.”

ஆணையர் நிமிர்ந்தார். “படியா? அற்புதம். கிணறு எங்க இருந்தது?”

பெயரைத் தவிர எதையும் பேசிவைக்கவில்லை. எழுத்தரின் பேனா நின்றது. தையல்காரரின் பார்வை சன்னல் வழியாகத் தன் வீட்டுப் பக்கம் போய், சட்டென்று திரும்பியது.

“இந்த வீட்டு அடுப்படிக்குக் கீழ சார்.”

அடுத்தது தபால் மாமா. எழுபது அடி என்றார். பன்னிரண்டு படி என்றார். எழுத்தர் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், அதே எண்கள். இடம் எது என்றதும் மாமாவும் தன் வீட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“இந்த அடுப்படிதான். சத்தியமா.”

ஆணையர் எழுந்தே நின்றுவிட்டார். “சாத்தின கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தை! நாற்பத்திரண்டு தெருவுல இப்படி ஒண்ணு பார்க்கலை. திங்கட்கிழமை ஆள் அனுப்பறேன். தரையைப் பேர்த்துடுவோம்.”

“சார், அதை மூடிட்டாங்க சார்,” என்றார் எழுத்தர்.

“யாரு மூடினது?”

“எங்க... கொள்ளுத்தாத்தா.”

“ஆக, கிணறு இருந்ததுன்னு வீட்டுக்காரரே ஒத்துக்கறார். இதையும் எழுதுங்க.”

எழுத்தர் எழுதினார்.

“எதுக்கு மூடினாரு?”

“பாதுகாப்பு இல்லைன்னு சார். அஸ்திவாரமே ஆடுமாம். தோண்டினா வீடு உக்காந்துடும்.”

“அப்போ நீங்க குடியிருக்கறதே ஆபத்தாச்சே. இன்னிக்கே காலி பண்ணிடுங்க.”

அந்த நேரத்தில் மனைவி உள்ளே வந்தாள். எழுத்தர் அவள் காதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“தெருவோட பழைய பேர் என்னம்மா?”

“கிணற்றுத் தெரு சார்.”

“கிணறு இந்த அடுப்படியிலதானே இருந்தது?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அடுப்படியைப் பார்த்தாள். போன மாதம்தான் புதுத் தரை போட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆம்பளைங்களுக்கு என்ன சார் தெரியும்? தண்ணி எடுத்தது பொம்பளைங்க. அடுப்படியில கயிறும் வாளியும் வெச்சிருந்தாங்க. அவ்வளவுதான். கிணறு நடுத்தெருவுல. எங்க பாட்டியோட அம்மா கைப்பிடிச்சுவர்ல சாஞ்சு நின்னு நின்னு கல்லே குழிஞ்சு போச்சாம். எழுபது அடி சார். பன்னெண்டு படி. ஏழாவது படி மட்டும் ஆடுமாம்.”

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காது சிவக்கவில்லை.

ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நடுத்தெருவைத் தோண்டிப் பார்த்துடலாமாம்மா?”

“வேண்டாம் சார். அத்தனை பேருக்குத் தண்ணி கொடுத்த இடம். மூடினதை மூடினபடி விடறதுதான் மரியாதை.”

ஆணையர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பலகை வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. தெருவே கூடிக் கைதட்டியது. எழுத்தரோடு பேச்சில்லாத வீட்டுக்காரர்கள்கூட வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். கிணற்றைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததையும் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அது தொண்ணூறு அடி ஆகியிருந்தது. தையல்காரரும் தபால் மாமாவும் ஏழாவது படியில் வழுக்கி விழுந்தது யாருடைய தாத்தா என்று சண்டை போட்டார்கள்.

“எப்படிம்மா அப்படிச் சொன்ன?” என்று எழுத்தர் மனைவியைக் கேட்டார்.

“எனக்கே தெரியலைங்க. வாயைத் திறந்தேன். தானா வந்துச்சு.” அவள் நடுத்தெருவைப் பார்த்தாள். “ஏங்க, நிஜமாவே இருந்திருக்குமோ?”

“இருந்திருக்கும்,” என்றார் அவர். வாளியின் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை எழுத்தர் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விசிலடித்தபடி ஆவண அறைக்குப் போனார். இரண்டு வாரம் விடுப்பில் இருந்த ஆவணக் காப்பாளர் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கோப்பின் மேலட்டையைப் படித்தார். மறுபடி படித்தார். ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு கட்டை இறக்கி, தூசியை ஊதினார்.

“நீங்க தெருக் கட்டுலயே தேடியிருப்பீங்க சார், உங்க தெரு நீதிமன்றக் கட்டுல இருக்கு: பழைய கோர்ட்டுக்குப் பின்னால, கூலிக்குச் சாட்சி சொல்றவங்க பரம்பரை பரம்பரையா குடியிருந்த ‘பொய்ச்சாட்சித் தெரு’.”