செவ்வாய்க்கிழமை அரண்மனை

அரண்மனைக்குப் போயே ஆகவேண்டும். ஆனால் அரண்மனையைப் பார்த்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே கடிகாரக்காரர் இந்த மகத்தான தீர்மானத்துக்கு வந்தார்.

தலைநகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது அந்த அரண்மனை ஊர். யாரோ ஒரு ராஜா, தலைநகர் இரைச்சல் தாங்காமல் அங்கே போய் எழுநூறு அறைகளோடு வீடு கட்டிக்கொண்டாராம். கூட்டிப்போகிறேன் என்று கல்யாணமான புதிதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் கடிகாரக்காரர். பதினோரு வருஷம் சாக்குச் சொல்லியே ஓட்டிவிட்டார். ஆனால் நேற்று அவர் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"வர்ற வாரம் அரண்மனை. இல்லன்னா இனிமே கேரம் போர்டுல கை வைக்கக் கூடாது."

கை வைத்தாள் பாருங்கள், உயிர்நாடியில்! செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு மனமகிழ் மன்றத்தில் கேரம் இறுதி ஆட்டம். கடிகாரக் கடைக்கு வார விடுமுறையும் அன்றைக்குத்தான்; எழுநூறு அறையையும் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குள் திரும்பவே முடியாது. எதிராளி மருந்துக்கடைக்காரர். வருஷா வருஷம் கோப்பையை வாங்கிக்கொண்டு போய், மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே வைத்து வெறுப்பேற்றுகிற ஆசாமி. கடிகாரக்காரர் இறுதி ஆட்டம் வரை வந்ததே இதுதான் முதல் தடவை. இதை அவர் மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் சரியாக அன்றைக்குத்தான் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்வாள்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் அரண்மனையைப் பற்றிய துண்டறிக்கை ஒன்று கிடந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'செவ்வாய் விடுமுறை'. பழம் நழுவிப் பாலில் விழுந்தது! பூட்டிய கதவைப் பார்த்து ஒரு 'அடடா', அடுத்த ரயிலில் வீடு, கொஞ்சம் தூக்கம், அப்புறம் கோப்பை.

"செவ்வாய்க்கிழமை போலாமா? கடைக்கும் லீவு."

"செவ்வாயா? வேற நாளே இல்லையா?"

"அன்னைக்குத்தான் கூட்டமே இருக்காது!"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதினோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்ததே இல்லை. மனுஷன் அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும்.

செவ்வாய் காலை அரண்மனை வாசலில் தேங்காய் அளவுக்குப் பூட்டு தொங்கியது. ரயிலில் ஒத்திகை பார்த்த முகத்தைக் கடிகாரக்காரர் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஐயையோ! என் தலையெழுத்தைப் பார்த்தியா? சரி, பதினொன்றரை ரயிலுக்கே திரும்பிடலாம்."

"என்னங்க அவசரம்? இவ்வளவு தூரம் வந்துட்டு என் தம்பியைப் பார்க்காம போறதா?"

"உன் தம்பி எங்கடி இங்க வந்தான்?"

"போன மாசம்தான் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தான். இவ்வளவு நாள் லாட்ஜு. இன்னைக்குத்தான் புது வீட்டுக்குச் சாமான் வந்து இறங்குது. ரெண்டு தெரு தள்ளி."

நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மைத்துனன் வாசலுக்கே ஓடிவந்தான்.

"வாங்க மாமா! எனக்காகக் கடைக்கு லீவு இருக்கிற நாளாப் பார்த்து வந்தீங்களாமே, அக்கா சொன்னா!"

சோபா ஏறியது. துணி துவைக்கிற மெஷின் ஏறியது. நாலரை மணிக்குக் கடிகாரக்காரர் மூன்றாவது மாடித் திருப்பத்தில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி நின்றார். ஸ்டிரைக்கரைச் சுண்டுகிற விரல் மடங்கவே மறுத்தது. பீரோவை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர், மேலே நின்ற மனைவியிடம் ரகசியத்தைக் கக்கிவிட்டார்.

"அஞ்சு மணிக்கு எனக்கு ஃபைனல்டி!"

"தெரியும்."

"தெரியுமா?"

"மன்றத்துச் செயலாளர் சம்சாரம் யார்கிட்ட துணி தைக்கிறாங்க? ஆட்டத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கச் சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை இவர் பீரோ தூக்குவாரு, கை நடுங்கும்னு காரணமும் சொல்லிட்டேன்."

கடிகாரக்காரருக்கு நன்றியில் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மகராசியை ஏமாற்றப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எப்போ சொன்ன?"

"வெள்ளிக்கிழமை."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை போகலாம் என்று அவருக்குத் தோன்றியதே ஞாயிற்றுக்கிழமை மதியம், மேஜையில் கிடந்த அந்தத் துண்டறிக்கையைப் பார்த்த பிறகுதான்.

"எழுந்திருங்க, இன்னும் கட்டில் இருக்கு," என்றாள் மனைவி. "நாளைக்கு அரண்மனை. எழுநூறு அறையாம், ஒண்ணு விடாம பார்க்கணும். உங்க கடைக் கதவுல 'புதன் விடுமுறை'ன்னு நேத்து ராத்திரியே எழுதி ஒட்டிட்டேன்."