யாரும் கேட்காத பதில்

வயலின்காரருக்கு வாசிப்பதைவிட வாசிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். நம்பாதவர்கள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கலாம். விசாரிக்காவிட்டாலும் சொல்லுவார்கள்.

நான் கொழும்பில் ஓர் இசைக் கல்லூரியில் மேல்நாட்டு வயலின் படித்தேன். வயலினையே தொழிலாக்க நினைப்பவர்களுக்கான வகுப்பு. அதற்கு முன்பு சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம்தான்; கோயில் கச்சேரிகளில் பக்கவாத்தியம். பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துவார். அதை நான் வயலினில் திருப்பிச் சொல்லுவேன். அவர் தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன், கடைசியில் மோதகம் வரும். (பக்கவாத்தியக்காரியின் வாழ்க்கை அவ்வளவுதான்.)

அப்பாவுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. வயலினால் ஒரு வேலை கிடைக்காவிட்டால் அந்த வருஷமே எக்கவுண்டன்சி வகுப்பு என்று கெடு வைத்துவிட்டார். எனக்கோ கூட்டல் கணக்கைக் கண்டாலே காய்ச்சல் வரும். நல்லகாலம், ஓர் ஓர்க்கெஸ்ட்ராவில் சம்பளத்தோடு ஓரிடம் காலியானது. அவர்களின் ஒத்திகையில் சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

போனேன். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, முகத்தில் ஐரோப்பாவையே விலைக்கு வாங்கிய திமிர்.

முன்னால் நின்று கையசைத்து ஓர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் கொட்டாஞ்சேனை பெனடிக்ட் சேர். முதல் பாதி எனக்கே ஆச்சரியமாக நன்றாகப் போனது. பிறகு முதல் வயலின்காரி திலினி மட்டும் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. அவள் வாசித்து நிறுத்துவாள். எல்லோரும் மூச்சு விடாமல் காத்திருக்க வேண்டும். சேர் கையை இறக்கியதும் சேர்ந்து தொடங்க வேண்டும். திலினி உருகி உருகி வாசித்தாள். நிறுத்தினாள். மண்டபமே அமைதி.

நான் வாசித்தேன்.

அவள் வாசித்ததை அப்படியே. அப்படியேகூட இல்லை, கமகம் போட்டு, சுரத்தை நன்றாக அசைத்து. முடித்துவிட்டு, 'ம், இனி நீ' என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையையும் ஆட்டினேன், அறுவான் பழக்கம்!

சேரின் கை அந்தரத்தில் நின்றது.

“மகள், அது என்ன?”

“திலினி வாசிச்சதைத்தான் சேர் நானும் வாசிச்சனான்.”

“ஏன்?”

“அவ நிப்பாட்டினவ சேர். நிப்பாட்டினா நாங்கதானே வாசிக்கோணும்?”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். எக்கவுண்டன்சி வகுப்பின் முன்வரிசையில் நான் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

சேர் சிரிக்கவில்லை. திலினியின் பகுதியை முன்பு பழகியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். நோட்டாவது பார்த்திருக்கிறேனா? அதுவும் இல்லை. உடனே திலினியிடம் வேறெதையோ வாசிக்கச் சொல்லி, என்னைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். (கமகம் இந்த முறையும் எட்டிப் பார்த்தது. அது என் பேச்சைக் கேட்காது.)

“காது இருக்கு. கையத்தான் கட்டிப் போடணும்,” என்றார்.

கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. ஒரேயொரு நிபந்தனை: அமைதி வரும் இடங்களில் என் வில் மடியில் கிடக்க வேண்டும். சந்தோஷத்தில் பஸ்ஸைக்கூட மறந்து வீடுவரை நடந்தே வந்தேன். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, “சும்மா இருக்கிறதுக்கும் சம்பளமோ?” என்றார். எக்கவுண்டன்சி என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

ஆனால் என்னையும் விடவில்லை. போன வருஷம் என் கல்யாண எழுத்து. பதிவாளர் மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று கேட்டார். அவர் “ஓம்” என்றார். பதிவாளர் என் பக்கம் திரும்பினார். ஒரு கணம் எல்லோரும் அமைதி.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது: “இப்ப வாசிக்கலாம், பிள்ளை.”