டேங்க் அண்ணாச்சியும் விலைபோகாத கேஸ் டேங்கும்

கேஸ் கம்பெனி மேலாளரே, நீங்கள் சொன்னது பொய். டேங்கில் மிச்சமிருக்கும் கேஸை எடுத்துவிட்டுக் காலி என்று எழுதிக் கொடுக்க ஆள் அனுப்புகிறேன் என்று என் காதுபடச் சொன்னீர்கள். ஆள் வரவில்லை. நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். அதனால் ஊரறியப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும். நான் மயிலாடியில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறவன். அண்டா, அடுப்பு, வார்ப்பு எல்லாம் கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பேன். கன்னியாகுமரியிலிருந்து பேச்சிப்பாறை வரை நான் சாமான் இறக்காத ஊர் இல்லை, பார்க்காத கிறுக்கன் இல்லை. ஆனால் ஒரு இரும்பு டேங்கை விற்பதற்கு மாப்பிள்ளை பார்த்த மனிதர் எங்கள் டேங்க் அண்ணாச்சி ஒருவர்தான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. போதகருக்கே அது நினைவில்லை. ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு, “நம்முடைய டேங்க் அண்ணாச்சி குடும்பத்தை ஆசீர்வதியும்” என்றுதான் ஜெபிப்பார். சபையாரும் ஆமென் சொல்வார்கள். ஆண்டவருக்கு ஆள் தெரியாமல் போகாது என்று எங்களுக்கு நம்பிக்கை.

அண்ணாச்சி வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனி முகாமில் சமையல்காரராக இருந்தவர். அங்கே பாலைவனத்தில் சமையல்கட்டுக்கு வெளியே வெள்ளை நிறத்தில் பெரிய கேஸ் டேங்க் நின்றதாம். அதன்மேல் அவருக்குக் காதல். ஊருக்குத் திரும்பிக் கன்னியாகுமரி போகிற ரோட்டில் ஓட்டல் போட்டபோது, பெஞ்சு வாங்குவதற்கு முன்னால் டேங்க் வாங்கினார். திருவனந்தபுரம் பக்கம் மூடிப்போன பிஸ்கட் கம்பெனியில் கிடந்த பழைய டேங்க். எருமை படுத்த மாதிரி இருக்கும். அதை அன்றைக்கு வந்து பொருத்திக் கொடுத்ததும் கேஸ் நிரப்பியதும் இந்தக் கம்பெனிதான். பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பெரிய சாமான், நாலு சிலிண்டர் போதாதா என்று நான் கேட்டேன்.

“சிலிண்டர் விருந்தாளி மாதிரி மக்கா. வந்தா வரும், வராட்டா இல்ல. இது வீட்டு ஆளு. வாசல்ல நிக்கும், கேட்டியா?”

வீட்டு ஆளுக்கு அவர் செய்த பணிவிடையை வீட்டில் வேறு யாருக்கும் செய்ததில்லை. மத்தியானம் ஓட்டலில் கூட்டம் அலைமோதும். பரோட்டாவுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு டிரைவர்கள் நிற்பார்கள். அண்ணாச்சி எல்லாவற்றையும் போட்டுவிட்டு நனைந்த சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடுவார். டேங்குக்கு வெயில் ஆகாதாம். அவருடைய வழுக்கைத் தலை அதே வெயிலில் பொரிந்துகொண்டிருக்கும். அது பரவாயில்லை.

ஓட்டலுக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்பி வரும்போது எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கல் கொத்துகிற ஆள் ஒருவர் நமத்துப்போன தீப்பெட்டியைப் போட்டுவிட்டு வெளிநாட்டு லைட்டரோடு போனார். பிறகு அவர் மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிட்டார்.

கிறிஸ்மஸ் வந்தால் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரியும். அண்ணாச்சி டேங்குக்கும் ஒரு நட்சத்திரம் கட்டுவார், உள்ளே பல்பு போடாமல். கரண்டில் தீப்பொறி வந்தால் என்ன செய்வது? கீதம் பாடுகிற பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வந்தால் அடுத்த தெருவில் நிறுத்திவிடுவார். பிள்ளைகள் அங்கே நின்று பாடும். இவர் இங்கே நின்று கை தட்டுவார். இடையில் இருக்கிற வீட்டுக்காரர்கள்தான் பாட்டை முழுதாகக் கேட்டார்கள்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. வண்டியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஓட்டலை மூடினார். கட்டிடம் சும்மா கிடந்தது. டேங்க் நின்றது. அடியில் கொஞ்சம் கேஸும் மிச்சம் இருந்தது.

அவருக்கு ஒரே மகள், பியூலா. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். அந்தக் கட்டிடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எச்சில் இலை எடுத்த இடத்தைத் தேய்த்துக் கழுவி, சுவரில் யானையும் மயிலும் அவளே வரைந்தாள். சின்ன நாற்காலிகள் வந்து இறங்கின. பார்வையிட வந்த அதிகாரி யானையைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், ஜன்னல் வழியாக டேங்கைப் பார்த்தார். இது போனால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டு இளநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஜூன் மாதத்துக்குள் டேங்க் போக வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை.

நான் கம்பெனிக்குப் போன் செய்தேன். கேஸ் எங்களுடையது, அதை நீங்கள் தொடக் கூடாது என்றார்கள். சரி, வந்து எடுங்கள் என்றேன். எங்கள் லாரி நிரப்பத்தான் வரும், எடுக்க வராது என்றார்கள். காலி செய்ய ஆள் வேண்டுமென்றால் நீங்கள் எங்கள் வாடிக்கையாளராக இருக்க வேண்டும். ஓட்டலை மூடியதால் இப்போது வாடிக்கையாளர் இல்லை. மறுபடி வாடிக்கையாளர் ஆக ஒரு லோடு கேஸ் வாங்க வேண்டும். அதாவது டேங்கைக் காலி செய்ய முதலில் அதை நிரப்ப வேண்டும். இதைப் போனை எடுத்த பெண் சிரிக்காமல் சொன்னாள்.

அண்ணாச்சி அதற்கும் தயாரானார். லோடு கேட்டார். லாரி வந்தது. கூட வந்தவர் டேங்கைச் சுற்றி வந்து, சோதனைத் தேதி முடிந்துவிட்டது, இதில் நிரப்ப முடியாது என்றார். அதையாவது எழுதிக் கொடுங்கள் என்றோம். வாடிக்கையாளருக்குத்தான் எழுதிக் கொடுப்போம் என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம்தான் நான் நேரில் போய் மேலாளரைப் பார்த்தேன். ஆள் அனுப்புகிறேன் என்று அவர் சொன்ன பொய் அன்றைக்குச் சொன்னது.

இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்ள ஆள் வராமல் இல்லை. வந்தவர்களை அண்ணாச்சி ஓட்டினார். பழைய இரும்பு வாங்குகிறவர் வெட்டும் மிஷினோடு வந்தார். அண்ணாச்சி முகம் வெளுத்துப்போய், “ஏலே, குடும்பத்தோட சேத்து வெட்டுகியா?” என்று கேட்டு அவரை ரோடு வரைக்கும் துரத்தினார். அது நியாயம். உள்ளே கேஸ் இருக்கிறது.

ஆனால் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் தோட்டக்காரர் வந்தார். நல்ல மனிதர். கேஸ் இருப்பது தெரிந்தே வாங்க வந்தவர், பத்திரமாக எடுத்துப்போக அவருக்கு ஆள் இருந்தது. அண்ணாச்சி அவரை உட்காரவைத்துச் சாயா கொடுத்து விசாரித்தார். எங்கே வைப்பீர்கள், நிழல் உண்டா, மழையில் நனையுமா, வீட்டில் பீடி குடிக்கிற ஆள் உண்டா? தோட்டக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அண்ணாச்சி டேங்கின் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். இந்த வால்வு கொஞ்சம் இறுகும், அந்தப் பக்கம் துரு உண்டு, மீட்டர் முள் ஆடிமாதம் பொய் சொல்லும். தோட்டக்காரர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

“குறையைச் சொல்லாம குடுக்கப்பிடாது மக்கா,” என்றார் அண்ணாச்சி என்னிடம். “நாளைக்கு அவன் வந்து நம்ம முகத்துல முழிக்கணும்லா?”

அவன் வரவே மாட்டான் அண்ணாச்சி, அதுதான் வியாபாரம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மே மாதம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு வீட்டில் விளைந்தது, வளர்த்தது எல்லாவற்றையும் காணிக்கையாகக் கோயிலுக்குக் கொண்டுவருவோம். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். பலாப்பழம், சேவல், முட்டை, பலா மரத்தில் செய்த பெட்டி, எதுவும் கடை விலைக்குப் போகாது, பல மடங்குக்குப் போகும். அதில் ஒரு கட்டு உண்டு. ஏலத்தில் எடுத்ததை ஆசீர்வாதமாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மறுபடி விற்கக் கூடாது.

பியூலாதான் வழி கண்டுபிடித்தாள். அப்பா டேங்கைக் காணிக்கையாகக் கொடுக்கட்டும். நான் ஏலம் எடுத்து, ஊருக்கு வெளியே ஆளில்லாமல் கிடக்கும் என் பொட்டல் நிலத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்வது. தோட்டக்காரருடைய ஆட்களே எடுத்து வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். கோயிலுக்குக் கொடுத்ததில் மாப்பிள்ளை விசாரிக்க முடியாது. அண்ணாச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார்.

டேங்கைப் பந்தலுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் அதன் போட்டோவைப் பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் சாய்த்து வைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் நின்று எடுத்த அதே போட்டோ. ஆலய வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை மைக்கில் ஏலம் கூப்பிட்டார். நான் ஒரு தொகை கேட்டேன். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. பழைய கேஸ் டேங்கை யார் கேட்பார்கள்? கோயில்பிள்ளை ஒரு தரம் என்றார். பந்தல் அமைதியாக இருந்தது. பியூலா முன்வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அமைதியை அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. தான் கொடுத்த காணிக்கை அனாதையாக நிற்கிறது என்று தோன்றியிருக்கிறது. எழுந்து நின்று எனக்கு மேலே கேட்டார். நான் அவரை முறைத்துக்கொண்டே கூட்டினேன். அவரும் கூட்டினார். சபை உற்சாகமாகிக் கை தட்டியது. போதகர் முகம் மலர்ந்தது. அண்ணாச்சி கடைசியாக ஒரு தொகை சொன்னார். கோயில்பிள்ளைக்குப் பசி. நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று தரமும் சொல்லி முடித்துவிட்டார்.

தன்னுடைய டேங்கைத் தானே ஏலம் எடுத்தார் மனிதர்.

எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பியூலா அருகில் வந்து, “அப்பா, என்ன செய்தீங்கன்னு தெரியுதா?” என்று மெதுவாகக் கேட்டாள். கை குலுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இனி அது ஆசீர்வாதம். விற்க மாட்டார், எனக்குச் சும்மா தரவும் மாட்டார். போதகரே பரவாயில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. பல நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்துவிட்டு ஒன்று சொன்னார். கம்பெனிக்காரர்கள் வந்து முறையாகக் கேஸை எடுத்து, டேங்கையும் கழற்றிக்கொண்டு போனால் அது விற்பனை ஆகாதாம். பொருத்தினவன் எடுத்துப்போகிறான், அவ்வளவுதானாம். அவர் இறங்கிவந்தது அதுவரைக்கும்.

நான் மறுபடியும் கம்பெனிக்கு நடந்தேன். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். அடுத்த முறை விடுப்பில் இருந்தார். அதற்கடுத்த முறை கண்ணாடிக் கதவுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். ஜூன் வந்தது, போனது. சேர்க்க வந்த பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். பியூலாவுக்கு மதுரையில் வேலை கிடைத்தது. அப்பனைத் தனியாக விட முடியாது என்று கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் யானை அப்படியே இருக்கிறது. சின்ன நாற்காலிகளை என் கடையில் போட்டு வைத்திருக்கிறேன். வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை.

அண்ணாச்சி இப்போது மதுரையில் ஒரு மாடி வீட்டில், ஒற்றைச் சிலிண்டரோடு இருக்கிறார். தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்வார். கம்பெனிக்காரன் வந்தானா என்று கேட்பார். நாளைக்கு வருகிறார்களாம் என்று நான் சொல்வேன்.

“வந்தா ஒரு சாயா போட்டுக் குடு மக்கா,” என்பார். “பாவம், வெயில்ல தூரத்துலேருந்து வாறவன்.”

மேலாளரே, அடுத்த கல்வி ஆண்டுக்குள் ஆள் வந்தால் பியூலா திரும்பி வருவாள், அண்ணாச்சியும் வருவார். என்றைக்கு வருகிறீர்கள்? எனக்குப் போன் செய்ய வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டு இதே பத்திரிகையில் எழுதுங்கள், ஊர் படிக்கட்டும். ஊரில் யாரிடமும் பொய் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவரிடம் இன்னும் ஒரு நாள் என்னால் முடியாது.