சுண்ணாம்பு மேஸ்திரி போட்ட சைக்கிள் பாதை

ரோட்டில் போகிற அத்தனை பேரையும் துளிகூடப் பாரபட்சம் இல்லாமல் வெறுத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊர் சுண்ணாம்பு மேஸ்திரிதான். நடக்கிறவனைப் பிடிக்காது. சைக்கிள்காரனைக் கண்டால் ஆகாது. மோட்டார்க்காரன் முகத்தில் விழிக்கவே மாட்டார். ரோடு என்பது பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் செலவில் போட்டு, யாரும் மிதிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய சாமான் என்பது அவர் அபிப்பிராயம்.

பட்டணத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடப் போகிறார்களாம், பேப்பரில் பார்த்தேன். நிபுணர்கள் வந்து அளக்கிறார்களாம். அளக்கட்டும், பாவம். எங்கள் ஊரில் யுத்தத்துக்கு முந்தியே போட்டாயிற்று. ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு கயிறு, ஒரு மேஸ்திரி, அவ்வளவுதான் செலவு. பலனும் இவர்களுக்குக் கிடைக்கப்போகிற அதே பலன்தான்.

ஊர், ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில். பேர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் இருந்த ஏழு சைக்கிளில் ஒன்று என்னுடையது. மேஸ்திரி போர்டு ஆபீசில் ரோட்டு வேலைக்கு மேல்பார்வை. கையில் எந்நேரமும் ஒரு சுண்ணாம்பு வாளி தொங்கும். அவருடைய சொந்தப் பேர் அவர் சம்சாரத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார். ஆகவே ஊருக்குத் தெரியாமலே போய்விட்டது.

இரண்டு பேர் நடுரோட்டில் நின்று ஊர்க்கதை பேசினால் போதும். மேஸ்திரி வாளியோடு வந்து அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுவார். "பேசி முடியற மட்டும் இதுக்குள்ளயே நில்லுங்க. ஒரு கால் வெளிய வந்துது, நான் பொல்லாதவனா இருப்பேன்!" ஒருதரம் மாப்பிள்ளை ஊர்வலம் இடது பக்கம் வராமல் வலது பக்கமாக வந்துவிட்டது. குதிரை, மேளம், சம்பந்தி எல்லாவற்றையும் திருப்பி ஊர் எல்லைக்கே அனுப்பி, மறுபடி முறையாக வரச் சொன்னார். "முகூர்த்தம் போயிருமுங்க" என்று பெண்ணின் தகப்பனார் கையைப் பிசைந்தார். "முகூர்த்தம் அடுத்த மாசம் ஒண்ணு வருதுங்க. ரோட்டு முறை போனா எங்கீங்க வரும்?" என்றார் மேஸ்திரி.

என்னிடம் அவருக்குத் தனிப் பிரியம். பின்னாலிருந்து பெல் அடித்தால், "எனக்கென்ன பூசையா பண்றீங்க வாத்தியாரே, மணி ஆட்டறீங்க?" என்பார். அடிக்காமல் போனால், "ஏனுங்க, திருடனாட்டம் சத்தமில்லாம வாரீங்க?" சரி, இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம் என்றால் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். "ஏறிப் போறதுக்கு வாங்கின வண்டிய எருமையாட்டம் ஓட்டிக்கிட்டுப் போறீங்களே, படிச்சவரு செய்யற வேலையா இது?"

இத்தனை கூத்தும் நடப்பது நெசவாளர் தெருவில். பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் அதை விட்டால் கிட்டத்தில் வேறு வழி கிடையாது. விடிந்தால் அந்தத் தெருவில் பாவு இழுத்துக் கட்டுவார்கள். அதாவது, சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூல் முழுவதையும் தெரு நெடுகக் குச்சி நட்டு விறைப்பாகப் பிடித்து, கஞ்சி தடவி, தேய்த்துக் காயவைப்பார்கள். ஐம்பது கஜம் நேராக ஓடுகிற இடம் அந்த ஊரில் தெரு ஒன்றுதான். பாவுக்கு இந்தப் பக்கம் ஜனங்கள், அந்தப் பக்கம் கட்டை வண்டி, நடுவில் கிடைக்கிற சந்தில் சைக்கிள்காரன் தன் திறமையைக் காட்டிக்கொள்ளலாம்.

நானும் காட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில், குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கப் போய், அந்தத் தெருவில் தறி போட்டிருந்த பாப்பாக்கா வீட்டுப் பாவுக்குள் சைக்கிளோடு நுழைந்துவிட்டேன். பெடலில் நூல், கழுத்தில் நூல், மீசையில் கஞ்சி. பாப்பாக்கா தலையில் அடித்துக்கொண்டு, "அய்யோ, நாலு நாள் பாடு போச்சே! கண்ண எங்க வெச்சுக்கிட்டு வந்தீங்க சாமி?" என்று கத்தினார். மேஸ்திரி வந்தார். வேகமாக வந்ததற்கு என்னைத் திட்டினார், ரோட்டில் கஞ்சி சிந்தினதற்குப் பாப்பாக்காவைத் திட்டினார், பிறகு ஆட்டைத் தேடிப்போய்த் திட்டினார். தெருவே சிரித்தது. என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வேறு சிரித்தார்கள்.

மானம் போன வாத்தியார் என்ன செய்வான்? மனு எழுதுவான். 'நாகரிக உலகில்' என்று ஆரம்பித்து, 'பொதுஜனங்களின் விலைமதிப்பற்ற உயிருக்கு' என்று வளர்த்து, பாவு கட்டுவதை நிறுத்தக் கோரி இரண்டு பக்கம் எழுதி போர்டு ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். சும்மா கோபம்தான். யாராவது படிப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

என் கெட்ட நேரம், போர்டு பிரசிடெண்ட் அப்போதுதான் ஒரு மோட்டார் கார் வாங்கியிருந்தார். கார் அந்தத் தெருவுக்குள் நுழைய முடியவில்லையே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். என் மனு தேனாக வந்து விழுந்தது. "வாத்தியாரு என்னமா எழுதியிருக்காரு!" என்று நாலு பேருக்குப் படித்துக் காட்டி, அடுத்த மாதத்திலிருந்து தெருவில் பாவே கட்டக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவரத் தயாராகிவிட்டார்.

பாப்பாக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. "ஏஞ்சாமி, அம்பது கஜத்த ஊட்டுக்குள்ளயா இழுக்க முடியும்? நாப்பது ஊட்டுத் தறியும் நிக்கப்போவுது. நாங்க எல்லாரும் சங்ககிரிப் பக்கம் கல்லு ஒடைக்கப் போறதுங்களா?" என்றார். போர்டு ஆபீசுக்கு ஓடிப்போய் மனுவைத் திருப்பிக் கேட்டேன். "பொதுஜனங்களோட உயிர் விசயம். நீரே எழுதியிருக்கீரு" என்று பிரசிடெண்ட் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூலையில் வாளியோடு நின்றிருந்த மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். "எசமானுங்க, ஒரு வாரம் டயம் குடுங்க. ரோட்டப் பங்கு பிரிச்சுத் தாரேன். அவனவன் அவனவன் பங்குல போனா, பாவும் நிக்கும், காரும் போவும்."

பிரசிடெண்ட் சிரித்தார். "சரி. அடுத்த வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன். சைக்கிள் போற பங்குல ஒரே ஒரு பாவு நின்னாலும் தீர்மானம் அன்னைக்கே பாஸ்!"

மேஸ்திரி கயிறு பிடித்தார். அடேயப்பா, என்ன கோடு! தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு நூல் பிசகு கிடையாது. நடுவில் மோட்டாருக்கும் கட்டை வண்டிக்கும், தெற்கே சைக்கிளுக்கு, வடக்கே பாவுக்கு, சாக்கடையோரம் நடக்கிறவர்களுக்கு. வீடு வீடாகப் போய் விளக்கமும் சொன்னார். எல்லோரும் "ஆகட்டுமுங்க, ஆகட்டுமுங்க" என்று தலையை ஆட்டினார்கள். தலையை ஆட்டிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது என்பது நம்மவர்களின் நம்பிக்கை.

சைக்கிள் பாதையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார் அல்லவா, நடக்கிறவர்கள் எல்லோரும் அதில் நடந்தார்கள். அதனால் சைக்கிள்காரர்கள் நடு ரோட்டுக்குப் போனோம். அதனால் கட்டை வண்டிக்காரர்கள் பாவுப் பக்கம் ஒதுங்கி, கோடு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வரும்படி மிகவும் ஜாக்கிரதையாக ஓட்டினார்கள். வண்டி நேராகப் போவதற்குத்தான் கோடு போட்டிருக்கிறது என்று அவர்களுக்குள் பேச்சு. சின்னப் பெண்கள் குறுக்கே நாலு கோடு சேர்த்துப் பாண்டி ஆடினார்கள். ஒரு வீட்டம்மா வாசல் கோலத்தை இழுத்துக் கோட்டோடு முடிச்சே போட்டுவிட்டார். மேஸ்திரி ஒரு வாரமாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசி இரண்டு நாள் வெறும் கையை ஆட்டித்தான் திட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தனிப் பாதையில் சைக்கிள் விட்டுக் காட்டவேண்டியது நான். தெரு முனைக்குப் போய்ப் பார்த்தேன். அன்றைக்குக் கட்டின பாவில் பாதி சைக்கிள் பாதைக் கோட்டின் மேல் வரிசையாக நின்றது! அந்தக் கோடுதான் இருக்கிறதிலேயே நேர்.

"பாப்பாக்கா! என்ன இது?" என்றேன்.

"நேரா இழுக்கறதுக்குத்தான் மேஸ்திரியண்ணன் கோடு போட்டுக் குடுத்திருக்காருங்க. என்ற ஆயுசுக்கும் இப்படி ஒரு நேரு பாத்ததில்ல. பாவுக்கு இல்லாம வேற எதுக்குச் சாமி இத்தன நேரா கோடு போடுவாங்க?" என்றார், வாயெல்லாம் பல்லாக. நான் பதில் சொல்வதற்குள் கார் வந்துவிட்டது.

பிரசிடெண்ட் இறங்கினார். அவசரமே படவில்லை. "மேஸ்திரி, இது எதுக்குப் போட்ட கோடு?"

"சைக்கிளுக்குங்க."

"அதுல நிக்கறது?"

மேஸ்திரி பாவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். மாப்பிள்ளைக் குதிரையையே திருப்பி விட்ட மனுஷன். "பாவுங்க" என்றார். தொண்டைக்கட்டோடு அது காற்றாகத்தான் வந்தது. பாப்பாக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

மேஸ்திரி விறுவிறுவென்று போய், ஒரு வீட்டு வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துவந்தார். தெரு முனையில் குனிந்து தன் கோட்டைத் தானே கூட்ட ஆரம்பித்தார். குச்சிகளுக்கு நடுவில் விட்டு விட்டுக் கூட்டினார். ஒரு நூல் அறவில்லை. மீதிக் கோடுகளையும் விடவில்லை. அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது தலை, புருவமெல்லாம் வெள்ளை.

"எசமானுங்க, கோடே இல்லீங்க. இப்பப் பாவு எவன் பங்குல நிக்குதுங்க?" என்றார். பிறகு என் பக்கம் விளக்குமாற்றை நீட்டினார். "மனு குடுத்தவரு இதோ நிக்கறாரு. எடைஞ்சல் இருக்குதான்னு அவரையே கேளுங்க."

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. "ஒரு இடைஞ்சலும் இல்லீங்க" என்றேன்.

"ரெண்டு பக்கம் எழுதினீரே ஐயா!"

"அது சும்மா கையெழுத்துப் பழகறதுக்கு எழுதினதுங்க."

யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு தெருவே சிரித்தது. தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கிற இடத்தில் எந்தப் பிரசிடெண்ட் நிற்பார்? கார் வந்த வழியே பின்னோக்கிப் போயிற்று. தீர்மானமும் அதோடு போயிற்று. பாவு தெருவிலேயே நின்றது. ஆனால் போர்டு சுண்ணாம்பில் போட்ட கோட்டை மேலுத்தரவு இல்லாமல் அழித்த மகா குற்றத்துக்காக மேஸ்திரியை ஊருக்கு வெளியே, திரிகிற மாடுகளைப் பிடித்து அடைக்கிற மாட்டுப் பட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ரோட்டில் என்னை ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. பெல் அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி. ஒரு வாரம் சுகமாக இருந்தது. பத்தாம் நாள் சைக்கிளை எடுக்கவே பிடிக்கவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அப்புறம் அந்த ஊரில் இருந்த வரைக்கும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைல் சுற்றிக்கொண்டு மாட்டுப் பட்டி வழியாகத்தான் போனேன். "ஏனுங்க வாத்தியாரே, மாடு போற தடத்துல சைக்கிளுக்கு என்னங்க வேலை?" என்று அவர் ஒரு சத்தம் போட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.