உஷ் அங்கிள் வாய் திறந்த நாள்

சிங்கப்பூரில் அமைதியை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியவர் எங்கள் உஷ் அங்கிள்தான். அவருக்கு முன்பே நூலகங்களும் தேவாலயங்களும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கெல்லாம் இருமலாம். உஷ் அங்கிள் வீட்டில் வீடியோ பதிவு ஓடும்போது இருமியவர், அடுத்த வாரம் நிகழ்ச்சியை வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஜூரோங் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் குடியிருந்தார். கப்பல் பட்டறையில் துரு தட்டும் வேலை. நாள் முழுவதும் இரும்பை இரும்பால் அடித்ததில் அவருடைய செவிகள் பாதி மந்தமாகியிருந்தன. ஆகவே, பிறரை அடக்க அவர் எழுப்பிய 'உஷ்' என்ற ஒலிதான் எங்கள் மாடியிலேயே பெரிய சத்தம். கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்காகக் காத்திருந்தவர்களும் அதைக் கேட்டுப் பேச்சை நிறுத்தியதுண்டு.

இதற்கொரு வரலாறு இருந்தது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில், தமிழ் நாடகம் தொடங்கியதும் அவர் ஒரு கேசட் ரெக்கார்டரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் முக்காலியில் வைத்து வசனங்களைப் பதிவு செய்வார். ஒருமுறை போட்டுப் பார்த்தபோது, கதாநாயகி கதறும் இடத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. வில்லன் உயிர் விடும் நேரத்தில் அவருடைய மனைவி, "உப்பு சரியா இருக்கா பாருங்க" என்றார். பதிவு செய்யும் கருவிகள் எல்லாவற்றுக்கும் காது உண்டு என்ற முடிவுக்கு உஷ் அங்கிள் அப்போது வந்தார். அதன்பின் மாறவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ கருவியும் ஒன்றாக அவர் வீட்டுக்கு வந்தன. எங்கள் மாடியில் அதுவே முதல் வீடியோ. சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர், பக்கத்து இருக்கைக்காரரை மெதுவாகப் பேசச் சொன்னாராம். கருவி அப்போது அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

அன்று முதல் எங்கள் மாடி சட்டத்துக்கு உட்பட்டது. பதிவு நேரத்தில் மின்விசிறி சுழலக் கூடாது. குக்கர் ஏறக் கூடாது. அப்பளம் பொரிப்பது பெருங்குற்றம். கடிப்பது அதனினும் பெரிது. ஆன்ட்டி, அதாவது அவருடைய மனைவி, கையாலேயே பேசக் கற்றுக்கொண்டார். வயிற்றைத் தட்டினால் சாப்பாடு தயார். தலையில் அடித்துக்கொண்டால் கணவரைப் பற்றிய பொதுவான கருத்து. அடுத்த வீட்டு மாச்சி, அந்த மலாய்க்கார அம்மாள்கூட, அந்த வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்.

என் அம்மா மட்டும் ஒருமுறை துணிந்து கேட்டார்.

"அண்ணே, டிவியிலேருந்து ஒயர்தானே உள்ள போகுது? நம்ம பேசுறது எப்படி அதுல ஏறும்?"

"ஏறாதுன்னு உனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? இதுவரைக்கும் யாரையாச்சும் பேச விட்டிருக்கேனா?"

சான்றாக ஒரு நாடாவையும் போட்டுக் காட்டினார். "பாரு, ஒரு சின்னச் சத்தம் இருக்கா? கட்டுப்பாடு லா, கட்டுப்பாடு!" யாராவது தவறித் தும்மினால், உடனே நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, தும்மலின்மேலேயே மீதிக் கதையைப் பதிந்துவிடுவார். தும்மல் உண்மையில் நாடாவில் ஏறியதா என்று அவர் ஒருபோதும் கேட்டுப் பார்த்ததில்லை.

இயல்பிலேயே அதிகம் பேசாத எனக்கு அந்த வீடு வசதியாக இருந்தது. "பிள்ளைன்னா இவளை மாதிரி இருக்கணும். இருக்கிறதே தெரியல பாரு," என்று அங்கிள் என்னை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டுவார். பள்ளியில் தமிழாசிரியை இதை ஒரு சிறப்பாகக் கருதவில்லை. என் கூச்சத்தைப் போக்குவதற்கென்று, தொலைக்காட்சியில் வரவிருந்த மாணவர் பேச்சுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

நிகழ்ச்சியை முன்கூட்டியே படம் பிடித்துவிட்டார்கள். ஒளிபரப்பாகும் அன்று அப்பா கடலில் இருந்தார். அவர் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். அடுத்த வாரம் வந்து, சில நாள் தங்கி, மீண்டும் புறப்பட வேண்டியவர். நான் பேசுவதை அவர் பார்க்க வேண்டுமானால் அங்கிளின் நாடா ஒன்றுதான் வழி. அம்மா போய்க் கேட்டதும், அங்கிள் புதிய நாடா ஒன்றைப் பிரித்து வைத்தார். காலையிலேயே வீடு வீடாகச் சென்று, மாலையில் எவரும் சுத்தியல் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

மின்விசிறி நின்றது. வியர்வையோடு எல்லோரும் அமர்ந்திருந்தோம். திரையில் நான் தோன்றினேன். முதல் பகுதியைச் சரியாகவே பேசினேன். நடுவில் பேச்சு மறந்துபோனது. படப்பிடிப்பில் இப்படி நடந்ததை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. வெட்டிவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். வெட்டவில்லை. திரையில் அந்தப் பெண் வாய் திறந்தபடி நின்றாள். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டார்.

"பேசும்மா! பயப்படாத, பேசு!"

கத்தியவர் உஷ் அங்கிள். எழுந்து நின்றே கத்தினார். திரையிலிருந்த பெண், அவருக்குக் கீழ்ப்படிந்தவள் போலத் தலையை நிமிர்த்தி விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள். அங்கிளோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பதிவை நிறுத்தவும் வழியில்லை. நிறுத்தினால் மீதிப் பேச்சு போய்விடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் நாடாவை வெளியே எடுத்தார். "மன்னிச்சுக்க தங்கச்சி. நானே கெடுத்துட்டேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போட்டுப் பார்க்கவும் அவருக்குத் துணிவில்லை.

அப்பா வந்து சேர்ந்தார். அவர் கண்ணில் படாமலிருக்க அங்கிள் மின்தூக்கியைத் துறந்து படிக்கட்டில் ஏறி இறங்கத் தொடங்கினார். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை, அப்பா படிக்கட்டிலேயே காத்திருந்து அவரைப் பிடித்தார்.

"என்னண்ணே, என் பொண்ணு டிவியில வந்ததை ஊரே பார்த்தாச்சு. நான் மட்டும் பார்க்கக் கூடாதா?"

"டேப் கெட்டுப்போச்சு தம்பி. நடுவுல என் தொண்டைதான் கேக்கும்."

"பரவால்ல லா. நாளைக்குக் கப்பல் ஏறணும். கெட்டதையே போடுங்க."

நாடா ஓடியது. நான் மறந்துபோகும் இடம் நெருங்கியதும் அங்கிள் கண்களை இறுக மூடிக்கொண்டார். திரையில் நான் நின்றேன். எந்த ஒலியும் வரவில்லை. பிறகு என் குரல்தான் தொடர்ந்தது.

அங்கிள் கண் திறந்தார். "எங்க?"

"எதைக் கேக்குறீங்க?" என்றார் அம்மா.

"என் சத்தம்! நான் போட்ட சத்தம் எங்க?"

முதலில் புரிந்துகொண்டவர் ஆன்ட்டி. "அப்ப இந்த மிஷினுக்குக் காதே இல்லையா? இத்தனை வருஷமா ஒரு அப்பளம் பொரிக்க விட்டீங்களா மனுஷா!" என்றவர், மேலும் பேசி நேரத்தை வீணாக்காமல் அடுப்படிக்குப் போய் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார்.

மகிழ்ந்திருக்க வேண்டிய அங்கிள் தளர்ந்துபோய் அமர்ந்திருந்தார். தம் சட்டங்கள் அனைத்தும் வீண் என்பதா, தம் குரல் எங்குமே பதியவில்லை என்பதா, எது அவரை வருத்தியது என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, இன்னொரு தடவை போடுங்க. நீங்க கத்துனதையும் சேர்த்துப் போடுங்க. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, எனக்கு அப்படியே பார்க்கணும்."

அங்கிள் எழுந்து நின்றார்; சட்டையைச் சரிசெய்துகொண்டார். உள்ளே அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. உரிய இடம் வந்ததும் மாடி முழுவதும் கேட்கும்படி, "பேசும்மா! பயப்படாத, பேசு!" என்றார். நான் பேசினேன். அப்பா கை தட்டினார்.

உஷ் அங்கிள் இப்போது ஈசூனில் வசிக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன்; கட்டுரை வாசிக்க எழும்போது இன்றும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறேன். அந்த நாடா எங்களிடம்தான் இருக்கிறது. அம்மா அதை எப்போதாவது போடுவார். நான் வாய் திறந்தபடி நிற்கும் இடம் வரும்போது, எழுந்து சென்று மின்விசிறியை நிறுத்துவார். நாடாவில் ஏறாத அந்தப் 'பேசும்மா'வை அங்கிள் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசுவதில்லை.