காணாமல் போன படங்கள் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் விடும் பெருமூச்சு எனக்குக் கேட்டுவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பக்கவாதம் வந்து உங்கள் அத்தைக்கு எழுத்தெல்லாம் மறந்துபோனதும், படத்தைப் பார்த்தாவது அழுத்திக்கொள்ளட்டும் என்று விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, எல்லாவற்றையும் தமிழில் வைத்துக் கொடுத்தீர்கள் அல்லவா? கேமரா படத்தை அழுத்தினால் மகள் வருவாள், இசைக்குறியை அழுத்தினால் பாட்டு வரும். என்னைக் கிட்டவே விடமாட்டாள். "நானே" என்பாள். நோய்க்குப் பிறகு அவள் தெளிவாகச் சொல்லும் சில வார்த்தைகளில் அது ஒன்று. அந்தப் படங்கள் கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல இருக்கின்றனவே, பெரிதாக, பளிச்சென்று மாற்றிக் கொடுத்தால் சந்தோஷப்படுவாளே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

இணையத்தில் தேடினால் 'ஐகான் தீம்' என்று படங்களை மூட்டை மூட்டையாக இலவசமாகவே தருகிறார்கள். ஒன்றை இறக்கிக்கொண்டு, வைக்க வேண்டிய ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே ஏகப்பட்ட மூட்டைகள், ஒன்றின் பெயரும் வாயில் நுழையவில்லை. நானோ பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைக் கட்டிக் காத்தவன், யாரும் கேட்டு வராத சரக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. அழிக்கப் போனேன், பாஸ்வேர்டு கேட்டது, அவசரத்துக்கென்று நீங்கள் சொல்லிவைத்ததைப் போட்டேன், இது என்ன அவசரம் என்று அதுவும் கேட்கவில்லை. பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புது மூட்டையை அங்கே பிரித்து வைத்து, அணைத்துப் போட்டால், கேமராவைக் காணோம், இசைக்குறியைக் காணோம். திரை முழுக்க ஒரே மாதிரி மூலை மடிந்த வெள்ளைக் காகிதங்கள். அடியில் பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன.

உங்கள் அத்தை வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "எங்க?"

"இதோ வந்துரும்மா, கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் ஓடினேன்.

"லினக்ஸா சார்? எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுரட்டுமா?"

"அழிக்கிறதுக்கு நானே போதும்ப்பா. படம் மட்டும் வந்தா சரி."

"படம் மட்டும் தனியா நாங்க பண்றதில்ல சார்."

தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இணையத்தில் முகம் தெரியாத ஒரு புண்ணியவான் காரணம் எழுதியிருந்தார். மூட்டையைப் பிரித்தபோது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, கம்ப்யூட்டர் முதல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஆளில்லை என்று திரும்பிவிடுகிறதாம். உள்ளே இருந்ததை வெளியே எடுத்து வைத்தேன். அப்புறம் அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து அவர் சொன்ன கட்டளையை அடித்தேன். ஒரு பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக அடித்ததற்காக என்னைத் திருப்பித் திருப்பி அனுப்பியது, எங்கள் பணிமனை மேலாளர்கூட அவ்வளவு கறார் இல்லை. கடைசியில் மனமிரங்கிச் சில படங்கள் வந்தன. கடிகாரம் வந்தது, நம் வீட்டில் இல்லாத பிரிண்டர்கூட வந்தது. கேமராவும் இசைக்குறியும் வரவில்லை. அவை நான் துடைத்த பழைய மூட்டையில் இருந்தவையாம், அதை மறுபடி முறைப்படி நிறுவ வேண்டுமாம். அதற்கு மேல் நான் கை வைக்கவில்லை.

சாயங்காலம் நானே அழுத்தி மகளை வரவழைத்தேன். உங்கள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நானே" என்றாள். எனக்கு மனசே ஆறவில்லை, மாப்பிள்ளை. ஆகவே, எவ்வளவு வேலை இருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, பழைய படங்களைப் பழைய இடத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், ஒரு ஃபோல்டரும் தொலையாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்

பின்குறிப்பு: படங்களைக் கொண்டுவர வேண்டாம்! இந்தக் கடிதத்துக்கு உறை தேடிப்போய்விட்டு வந்தால், உங்கள் அத்தை ஒரு வெள்ளைக் காகிதத்தின் அடியில் இருக்கும் பெயரில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "கு...ப்...பை" என்றாள். திரும்பி என்னைப் பார்த்து, "குப்பை!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். எழுத்து மெதுவாகத் திரும்பும் என்று டாக்டர் சொன்னார், இந்த வார்த்தையில் ஆரம்பிக்கும் என்று சொல்லவில்லை. இப்போது விரல், மகளை வரவழைக்கும் 'அழைப்பு' என்பதன் அடியில் நிற்கிறது, 'ழை'யில் திணறுகிறாள், நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். வந்த படங்களையும் எப்படி மறுபடி தொலைப்பது என்று ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் வீட்டில் மணி அடித்திருக்கும். அடித்தது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் இல்லை.